நம்மைத் தோற்கடித்தவர்கள் எல்லாம் பெஞ்சிலிருந்து எழுந்து வந்தவர்கள் – ஐ.எஸ்.எல். கால்பந்தில் கேரளா பிளாஸ்டர்ஸ் நாக்அவுட் தோல்விகள்

கோவை_மஞ்சள் | 20 ஏப்ரல் 2024, காலை 6.40

நேத்து ராத்திரி புவனேஸ்வர்ல ஒடிசாவோட நாக்அவுட் மேட்ச் முடிஞ்சு டிவியை அணைச்சேன். தூக்கம் வரலைங்க. 67-வது நிமிஷம் நம்ம செர்னிக் கோல் போட்டப்ப வீட்டுல எல்லாரும் எழுந்து நின்னோம். 87-ல் அவங்க டியகோ மவுரிசியோ சமன் பண்ணினான். எக்ஸ்ட்ரா டைம்ல 98-வது நிமிஷம் ஐசக் ரால்ட்டே. ரெண்டு கோலுக்கும் பந்தை எடுத்துக் கொடுத்தது ராய் கிருஷ்ணா. 2-1, சீசன் முடிஞ்சது.

விடிய விடிய உக்காந்து பழைய மேட்ச் ஒவ்வொண்ணா நோட்டுல எழுதினேன். எழுதி முடிச்சப்ப ஒரு விஷயம் கண்ணுல பட்டுச்சு, அதைச் சொல்லத்தான் இந்த இழை.

2014 ஃபைனல், நவி மும்பை. 0-0. தொண்ணூறு நிமிஷம் தாண்டி அஞ்சாவது நிமிஷம் கார்னர், முகமது ரஃபீக் தலையால முட்டினான். 1-0 கொல்கத்தா. ரஃபீக் அன்னைக்கு மாற்று ஆட்டக்காரனா உள்ள வந்தவன்.

2022 ஃபைனல், கோவா ஃபடோர்டா. ராகுல் 68-ல் போட்ட கோல்ல நாம 1-0 முன்னால இருந்தோம். 88-வது நிமிஷம் பாக்ஸ் விளிம்புல இருந்து சாஹில் தவோரா அடிச்ச வாலி. தவோராவும் பெஞ்சிலிருந்து வந்தவன்தான். அப்புறம் பெனால்டியில 3-1 ஹைதராபாத்.

2023 நாக்அவுட், பெங்களூரு கண்டீரவா ஸ்டேடியம். எக்ஸ்ட்ரா டைம்ல ஃப்ரீ கிக், சுனில் சேத்ரி. அந்த சீசன் கடைசியில சேத்ரியைப் பாதியிலதான் இறக்கிட்டு இருந்தாங்க, அன்னைக்கும் அப்படித்தான் வந்தார்.

மூணு வருஷம், மூணு ஊர், மூணு எதிரணி. கோல் போட்ட மூணு பேரும் ஆட்டம் ஆரம்பிக்கறப்ப வெளிய உக்காந்திருந்தவங்க. நம்ம பதினொரு பேரு யாருக்கும் சளைச்சவங்க இல்ல. 70-வது நிமிஷத்துக்கு மேல எதிரணி கோச் திரும்பிப் பார்த்தா அவருக்கு ஒரு ரஃபீக், ஒரு தவோரா, ஒரு சேத்ரி இருக்காங்க. நம்ம கோச் திரும்பிப் பார்த்தா யாரு இருக்கா? இதைத்தான் கேக்கறேன். "ராசி இல்லை"ன்னு இனிமேல் யாராவது சொன்னா எனக்குக் கோவம் வருங்க.

மெரினா_அலை | 20 ஏப்ரல் 2024, காலை 8.15

அண்ணா, நான் சென்னையின் எஃப்.சி. ரசிகன். உங்க வலி புரியுது, ஆனா கணக்குல ஒண்ணை விட்டுட்டீங்க.

2014 அரையிறுதி. கொச்சியில எங்களை 3-0 அடிச்சீங்க. இஷ்ஃபாக், ஹியூம், கடைசியில சுஷாந்த் மேத்யூ தூரத்துல இருந்து வளைச்சுப் போட்டது. மூணு நாள் கழிச்சு சென்னையில நேரு ஸ்டேடியத்துல ரெண்டாவது லெக். நான் அங்க இருந்தேன், காலேஜ் முதல் வருஷம். மக்அலிஸ்டர் சிவப்பு அட்டை வாங்கிப் போயிட்டார், நீங்க பத்துப் பேர். சில்வெஸ்டர் போட்டார், ஜிங்கன் காலுல பட்டு சொந்த கோல் ஆச்சு, 90-ல் ஜேஜே. மொத்தக் கணக்கு 3-3. பக்கத்துல யாருன்னே தெரியாத ஆளைக் கட்டிப் பிடிச்சு அழுதேன்.

117-வது நிமிஷம் பியர்சன் எங்க வலையில போட்டுட்டுப் போயிட்டார். பெனால்டிக்கு மூணே நிமிஷம் பாக்கி. ஃபைனலுக்குப் போனது நீங்க.

கடைசி நிமிஷம் உங்களுக்கும் கொடுத்திருக்கு. இந்த பிப்ரவரியில கொச்சியில கோவாகிட்ட 0-2 பின்தங்கி 4-2 ஜெயிச்சீங்களே, அதுல மூணு கோல் 80-க்கு மேலதானே? அதனால "கடைசி நேரத்துல கேரளா உடையும்"னு பொத்தாம் பொதுவா சொல்ல முடியாது. பெஞ்ச் பத்தி நீங்க சொன்னதை மறுக்கலை.

மூணாறு_பனி | 20 ஏப்ரல் 2024, காலை 9.02

அண்ணே, நான் எஸ்டேட்ல பொறந்து வளந்தவன். வீட்டுல தமிழ், பள்ளிக்கூடத்துல தமிழும் மலையாளமும். எங்க லயத்துல பாதிப்பேரு பிளாஸ்டர்ஸ், மீதிப்பேரு யாருக்கும் இல்ல.

2022 மட்டும் சொல்றேன். அந்த சீசன் முழுக்க கோவாவுல பூட்டி வெச்சு ஆடுனாங்க, ரசிகர் யாரும் உள்ள போக முடியாது. பத்து ஆட்டம் தோக்காம வந்தோம். ஷீல்டு (லீக் சுற்றுல முதல் இடத்துக்குக் கொடுக்கறது) ஜெயிச்ச ஜாம்ஷெட்பூரை அரையிறுதியில முடிச்சோம், முதல் ஆட்டத்துல சகல் கோல், ரெண்டாவதுல லூனா கோல். ஃபைனலுக்கு மட்டும் ஆளுகளை உள்ள விட்டாங்க. சகல் தொடைத் தசை பிடிச்சு ஃபைனல் ஆடலை. போதாக்குறைக்கு மஞ்ச ஜெர்சி ஹைதராபாத்துக்குப் போயிருச்சு, நம்ம பயலுக கறுப்புல இறங்குனாங்க. கேலரி முழுக்க மஞ்ச, கிரவுண்டுல எதிரி மஞ்ச.

அன்னைக்கு ஃபைனல் பாக்க பைக்ல கிளம்புன ரெண்டு ரசிகனுங்க காசர்கோடு பக்கம் விபத்துல இறந்து போனாங்க. மேட்ச் ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடியே செய்தி வந்துருச்சு. எங்க கிளப்புல திரை கட்டி எறநூறு பேரு உக்காந்திருந்தோம், ஒருத்தனும் கொட்டு அடிக்கல. ராகுல் கோல் போட்ட பிறகுதான் சத்தம் வந்துச்சு. கப்பு வந்திருந்தா அந்த ரெண்டு பேரு வீட்டுக்குத்தான் மொதல்ல கொண்டு போயிருப்பாங்கன்னு எங்க மாமா இன்னைக்கும் சொல்வாரு.

தூத்தூர்_கடல் | 20 ஏப்ரல் 2024, காலை 11.30

தம்பிகளுக்கு வணக்கம். கன்னியாகுமரி மாவட்டக் கடற்கரையில் முப்பது வருடமாகப் பையன்களுக்குப் பந்து சொல்லிக் கொடுக்கிறேன். எங்கள் பக்கம் மீன்பிடித் தொழிலுக்கு அடுத்தபடி பந்துதான். கொல்கத்தாவுக்கு ஆடிய மைக்கேல் சூசைராஜ் எங்கள் பக்கத்து ஊர்ப் பிள்ளை.

கோவைத் தம்பி பெஞ்சைப் பிடித்தது நல்ல கவனிப்பு. நான் இன்னொரு முனையைப் பிடிக்கிறேன்: கார்னர்.

2014-ல் ரஃபீக் போட்டது பொடானி எடுத்த கார்னர். 2016-ல் கொச்சி ஃபைனல்: 37-வது நிமிடம் முகமது ராஃபி நமக்கு முதல் கோல் போட்டார், இடைவேளைக்குக் கொஞ்சம் முன்னால் 44-ல் கொல்கத்தாவின் ஹென்ரிக் செரெனோ தலையால் சமன் செய்தார். அதுவும் கார்னர். அந்த ஆட்டம் 1-0 என்று இடைவேளைக்குப் போயிருந்தால் அம்பதாயிரம் பேர் இரண்டாம் பாதியைத் தூக்கிச் சுமந்திருப்பார்கள்.

இது நமக்கு மட்டும் நடந்ததும் இல்லை. 2018 ஃபைனலில் பெங்களூரு சொந்த மைதானத்தில் சேத்ரி கோலோடு ஒன்பதாவது நிமிடமே முன்னால் போனது. சென்னையின் அணியின் மெயில்சன் இரண்டு தடவை தலையால் முட்டினான், இரண்டும் கார்னர், கோப்பை சென்னைக்கு. அதற்கடுத்த ஆண்டு கோவாவுக்கு எதிராக 117-வது நிமிடம் பெங்களூருவின் ராகுல் பேக்கே. மறுபடியும் கார்னர், மறுபடியும் தலை. இவ்வளவு பணம் போட்டு வெளிநாட்டு முன்கள வீரர்களைக் கொண்டு வருகிறார்கள், கடைசியில் கோப்பையைத் தீர்மானிப்பது மூலையில் நடும் அந்தக் கொடி.

ஏன் இப்படி? ஃபைனலில் இரண்டு பக்கமும் பயம். பயம் இருந்தால் ஆட்டக்காரர்கள் ஆளைத் தாண்டிப் போகமாட்டார்கள், பந்தைப் பக்கவாட்டில் தட்டிக்கொண்டே இருப்பார்கள். ஓடி ஆடி வரும் கோல் குறையும், நிறுத்தி எடுக்கும் பந்தில் வரும் கோல் நிற்கும். கால் சோர்ந்த தடுப்பாட்டக்காரன் குதிப்பதற்கு அரை நொடி தாமதிப்பான். இங்கேதான் தம்பி சொன்ன பெஞ்சும் வருகிறது. 75-வது நிமிடம் இறங்கியவனுக்குக் கால் புதுசு, அந்த அரை நொடி அவனிடம் இருக்கிறது. ரஃபீக் பெரிய உயரம் இல்லை. ஆனால் சோர்வில்லை.

என் பையன்களுக்கு நான் கார்னர் தடுக்கும் பயிற்சியைப் பயிற்சி தொடங்கும்போது வைப்பதில்லை. முழுக்க ஓடி, மூச்சு வாங்கி, வீட்டுக்குப் போகலாம் என்று நினைக்கும் நேரத்தில்தான் வைப்பேன். திட்டுவார்கள். ஆனால் கோல் விழுவது அந்த நேரத்தில்தானே.

கோவை_மஞ்சள் | 20 ஏப்ரல் 2024, பகல் 12.20

ஐயா, இதைத்தான் தேடிட்டு இருந்தேன். நன்றிங்க.

2016 பத்திப் பேச்சு வந்ததால சொல்றேன். அந்த ஃபைனலுக்கு நான் கொச்சி கலூர் ஸ்டேடியத்துல இருந்தேன். அப்ப மெட்ரோ இல்ல, தூண் மட்டும் நின்னுட்டிருந்துச்சு. கோவையில காலையில ரயில் ஏறி ஆலுவாவுல இறங்கி பஸ்ல நின்னுக்கிட்டே போனோம், மூணு மணிக்கே உள்ள போயாச்சு.

பெனால்டியில அவங்களோட முதல் அடி இயன் ஹியூம். 2014-ல் நமக்கு ஆடி லீக்லயே சிறந்த ஆட்டக்காரர்னு பேர் வாங்கினவர், அடுத்த வருஷமே கொல்கத்தா போயிட்டார். கிரஹாம் ஸ்டாக் அவர் அடிச்சதைத் தடுத்தார். அந்த நொடி ஸ்டேடியம் ஆடுச்சுங்க, காலுக்குக் கீழ கான்கிரீட் அதிர்ந்தது இன்னும் எனக்கு நினைவிருக்கு. நமக்கு ஜெர்மன், பெல்ஃபோர்ட் ரெண்டு பேரும் போட்டாங்க. மூணாவது என்டோயே மேல அடிச்சார். நாலாவது யாரு தெரியுமா? அதே முகமது ரஃபீக். ரெண்டு வருஷம் முன்னாடி நம்மை அழ வெச்சவன் நம்ம மஞ்சள் போட்டுக்கிட்டு வந்து கோல் போட்டான். அஞ்சாவது ஹெங்பார்ட், தேப்ஜித் தடுத்தார். ஜுவல் ராஜா போட்டார், 4-3.

அதுக்கப்புறம் சத்தமே இல்லை. இவ்வளவு பேரு இருந்த இடத்துல கொல்கத்தா ஆட்டக்காரங்க கத்துறது மட்டும் கேலரி மேல வரைக்கும் கேட்டுது. யாரும் யாரையும் திட்டலை. வெளிய வந்து பஸ் ஸ்டாண்டு வரைக்கும் நடந்தோம்.

மூணாறு_பனி | 20 ஏப்ரல் 2024, பகல் 12.41

ஹியூமும் ரஃபீக்கும் சட்டை மாத்திக்கிட்ட கதை எனக்கு இன்னைக்குத்தான் தெரியும்ணே. அப்ப நான் ஆறாம் வகுப்பு.

தூத்தூர்_கடல் | 20 ஏப்ரல் 2024, பகல் 2.05

பெனால்டி அதிர்ஷ்டம் என்று சொல்பவர்களுக்கு ஒன்று. அதே 2016-ல் அரையிறுதியில் டெல்லியை அவர்கள் ஊரிலேயே ஷூட்அவுட்டில் 3-0 என்று முடித்தவர்கள் இதே பையன்கள். நாலு நாளில் அதிர்ஷ்டம் மாறுமா? கால் மாறவில்லை, கோல் அளவும் அதேதான். மாறியது சுற்றி உட்கார்ந்திருந்த கூட்டமும் பெயருக்கு முன்னால் இருந்த "ஃபைனல்" என்ற சொல்லும்.

2022-ல் அடித்த வரிசையைப் பாருங்கள்: லெஸ்கோவிச், நிஷு குமார், ஆயுஷ் அதிகாரி, ஜீக்சன். இதில் கோல் ஆனது ஆயுஷ் அடித்தது மட்டும். ஹைதராபாத் கீப்பர் கட்டிமணி மூன்றைத் தடுத்தார். நாலு அடியில் ஆட்டம் முடிந்துவிட்டது, அந்த நாலு பேரில் லூனா இல்லை. அணியிலேயே பந்தை நன்றாக அடிக்கத் தெரிந்தவனைப் பின்னால் வைத்துக்கொண்டு காத்திருப்பது நிறைய கோச் செய்யும் வேலை. நான் ஒப்ப மாட்டேன். நல்ல காலை முதலில் அனுப்பு. ஐந்தாவது அடி வரும் என்று யார் எழுதிக் கொடுத்தது?

மெரினா_அலை | 20 ஏப்ரல் 2024, மாலை 4.50

ஐயா கட்டிமணி பேரைச் சொன்னதும் எனக்கு ஒண்ணு ஞாபகம் வருது.

2015 டிசம்பர், இதே ஃபடோர்டா, கோவாவுக்கும் எங்களுக்கும் ஃபைனல். 87-ல் கோவா 2-1 போயிருச்சு. நாங்க முடிஞ்சுதுன்னு நினைச்சோம். 90-ல் பந்து கோல் கீப்பர் மேல பட்டு அவர் வலைக்குள்ளயே போச்சு, 2-2. ரெண்டு நிமிஷத்துல மெண்டோசா, 3-2. கப்பு சென்னைக்கு. அந்தச் சொந்த கோல் யார் கணக்குல எழுதினாங்க தெரியுமா? கோவா கீப்பர் லக்ஷ்மிகாந்த் கட்டிமணி.

ஆறு வருஷத்துக்கு மேல கழிச்சு அதே மைதானத்துல நின்னு அவர் உங்களோட மூணு பெனால்டியைப் பிடிச்சார். உங்களுக்கு அது வேதனை. ஆனா அந்த மனுஷன் அன்னைக்கு அழுததைப் பார்த்தவன் நான், 2022-ல் அவர் கையில கப்பு இருந்தப்ப எனக்குச் சந்தோஷமா இருந்துச்சு. தப்பா எடுத்துக்காதீங்க.

மூணாறு_பனி | 20 ஏப்ரல் 2024, மாலை 5.15

தப்பா எடுத்துக்கலண்ணே. நல்ல கீப்பர்.

பெங்களூர்_தமிழ் | 20 ஏப்ரல் 2024, இரவு 8.30

2023 பத்தி யாரும் விரிவா எழுதலையே. நான் கண்டீரவாவுல பெங்களூரு பக்கம் உக்காந்திருந்தவன். எங்க டீம்ல நம்ம காரைக்குடிப் பக்கத்துப் பையன் சிவசக்தி அன்னைக்கு ஆடினான். உங்க பழைய கேப்டன் ஜிங்கனும் எங்க பக்கம்தான்.

நேரடியாச் சொல்றேன். சேத்ரி போட்ட ஃப்ரீ கிக் விதிப்படி செல்லும். ஃப்ரீ கிக் கிடைச்ச அணி உடனே அடிக்கலாம், விசிலுக்குக் காத்திருக்கத் தேவையில்லை. நடுவர் "விசில் ஊதற வரைக்கும் அடிக்காதே"ன்னு சொன்னாத்தான் காத்திருக்கணும். விசிலும் வேண்டாம், சுவரும் (பந்து முன்னால வரிசையா நிக்கற தடுப்பு) வேண்டாம்னு நடுவர்கிட்ட சொன்னதா சேத்ரி பிறகு சொன்னார். உங்க கீப்பர் கில் சுவர் கட்டறதுல இருந்தார், கோல் காலி, அடிச்சார். அனுபவம்.

சரி, கோல் தப்புன்னே வெச்சுக்குவோம். எக்ஸ்ட்ரா டைம்ல இருபது நிமிஷத்துக்கு மேல பாக்கி இருந்துச்சு. உங்க கோச் இவான் கையைக் காட்டி எல்லாரையும் வெளிய கூட்டிட்டுப் போனார். ஒரு கோல்தான் தேவை. இருபது நிமிஷத்துல ஒரு கோல் போட முடியாத டீமா அது?

மூணாறு_பனி | 20 ஏப்ரல் 2024, இரவு 8.52

அண்ணே, லூனா பந்து முன்னாடி நின்னாரு. நடுவர் அவரைத் தள்ளிப் போகச் சொன்னாரு. தள்ளிப் போகச் சொன்னா என்ன அர்த்தம்? சுவர் அளக்கப் போறாங்க, விசில் வரும்னுதான? எதிராளியைத் தள்ளி நிக்கச் சொல்லிட்டு, அந்த நேரத்துல கோல் அடிக்கலாம்னா அப்புறம் எதுக்கு நடுவர்?

இவான் ஆசான் செஞ்சது விதிப்படி தப்பாவே இருக்கட்டும். இந்தியக் கால்பந்துச் சங்கத்துல நாலு கோடி அபராதம் போட்டாங்க, ஆசானுக்குப் பத்து மேட்ச் தடை, அஞ்சு லட்சம். எல்லாம் சரி. ஆனா எங்களுக்காக ஒருத்தர் நின்னாருன்னு அன்னைக்குத் தோணுச்சு. எனக்கு அவரு தப்பு செஞ்சாருன்னு சொல்ல வாய் வரல.

பெங்களூர்_தமிழ் | 20 ஏப்ரல் 2024, இரவு 9.10

தம்பி, உன் உணர்ச்சியை மதிக்கறேன். நான் கேக்கறது வேற. ஆட்டத்துல தோத்திருந்தா ஒரு தோல்வி. வெளிய போனதால தோல்வியும் போச்சு, நாலு கோடியும் போச்சு, அடுத்த சீசன்ல கோச்சும் முதல் சில ஆட்டத்துக்குப் பக்கத்துல இல்ல. வலி நியாயம்தான். அதுக்குக் கொடுத்த விலை அதிகம்.

தூத்தூர்_கடல் | 20 ஏப்ரல் 2024, இரவு 9.40

இரண்டு பேர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. நடுவர் லூனாவைத் தள்ளச் சொன்னதுதான் குழப்பத்தின் வேர், அதை மறுக்க முடியாது. ஆனால் எங்கள் மண்ணில் முதல் பாடம் இது: பந்து நம் கோலுக்கு முன்னால் நிறுத்தி வைக்கப்பட்டிருக்கிறது என்றால், விசில் வரும் என்று நம்பிக் கீப்பர் கம்பத்தைப் பிடித்துக்கொண்டு நிற்கக் கூடாது. சுவரை இன்னொருவன் கட்டட்டும். கீப்பரின் கண் பந்தை விட்டு அகலக் கூடாது. லூனா தள்ளிப் போனதும் அந்த இடத்துக்கு இன்னொருவன் உடனே வந்திருக்க வேண்டும். யாரும் வரவில்லை.

கில் அப்போது சின்னப் பிள்ளை. அவனைக் குறை சொல்லவில்லை. ஆனால் 96 நிமிடம் ஆடியிருக்கிறார்கள், கவனம் சிதறும் நேரம் அது. மறுபடியும் அதே இடத்துக்குத்தான் வருகிறோம்.

நெறியாளர் | 20 ஏப்ரல் 2024, இரவு 10.05

நடுவரைப் பற்றித் தனிப்பட்ட முறையில் எழுதிய இரண்டு பதில்களை நீக்கியிருக்கிறேன். ஆட்டத்தைப் பற்றி எவ்வளவு சூடாக வேண்டுமானாலும் பேசுங்கள்.

பாலக்காடு_சந்திப்பு | 21 ஏப்ரல் 2024, காலை 7.25

முழு இழையும் படிச்சேன். பெஞ்ச் ஏன் காலியா இருக்குன்னு யாரும் கேக்கலையே? நான் சொல்றேன். நம்மகிட்ட இருந்து போனவங்க எல்லாம் இப்ப எங்க இருக்காங்கன்னு பாருங்க.

ஹியூம் போனார், 2016-ல் கொல்கத்தாவோட கப்பு. 2022 ஃபைனல் ஆடின முன்வரிசை ரெண்டு பேரும், வாஸ்கெஸும் பெரெய்ரா தியாஸும், அடுத்த சீசனே நம்மகிட்ட இல்ல. தியாஸ் மும்பை போய் முதல் வருஷமே ஷீல்டு தூக்கினார். கில் ஈஸ்ட் பெங்கால் போனார், இந்த ஜனவரியில சூப்பர் கப். சகல் போன ஜூலையில மோகன் பகான் போனார், பதிலுக்கு பிரீதம் கோட்டால் இங்க வந்தார். நேத்தைக்கு முந்தின நாள் நாம புவனேஸ்வர்ல அழுதோம். அதுக்கு நாலு நாள் முன்னாடி, 15-ஆம் தேதி, சகல் கொல்கத்தாவுல ஷீல்டைத் தூக்கிட்டு நின்னார். எனக்கு அவர்மேல கோவம் இல்ல. சிரிச்ச முகம் பார்த்து கண்ணு நிறைஞ்சுது.

நல்ல பசங்களை நாம வளர்க்கிறோம், பக்குவம் வந்ததும் வேற வீட்டுக்குப் போயிடறாங்க. மிச்சம் இருக்கறவங்களை வெச்சு பதினொரு பேரு தேத்திடலாம். பதினாறு தேத்த முடியாது. கோவை நண்பர் கேட்ட கேள்விக்கு பதில் இதுதான்.

கோச் விஷயத்தையும் சேர்த்துக்குங்க. ஜேம்ஸ், டெய்லர், ஃபெலன், காப்பெல், மியூலன்ஸ்டீன், மறுபடியும் ஜேம்ஸ், விங்காடா, ஷட்டோரி, விக்குன்யா. ஏழு சீசன்ல இத்தனை பேரு. ஃபைனல் ஆடின அடுத்த வருஷமே 2015-ல் கடைசி இடம். ஒவ்வொருத்தரும் வந்து அவங்க ஆளைக் கொண்டு வந்தாங்க, அவங்க போனதும் ஆளும் போச்சு. இவான் ஒருத்தர்தான் மூணு வருஷம் நின்னார், மூணு வருஷமும் ப்ளேஆஃப் கொண்டு வந்தார். அதுக்கு முன்னாடி அஞ்சு வருஷம் நாம அந்தப் பக்கமே எட்டிப் பார்க்கலை.

கோவை_மஞ்சள் | 21 ஏப்ரல் 2024, காலை 8.00

வார்த்தை வரலைங்க. நீங்க சொன்னது முழுக்க சரி.

இந்த சீசனையே எடுத்துக்குங்க. டிசம்பர் கடைசியில கொல்கத்தாவுல மோகன் பகானை 1-0 அடிச்சு அட்டவணையில முதல் இடம். அப்ப லூனா ஏற்கனவே முட்டி ஆபரேஷன்ல. ஜனவரியில பெப்ராவும் காயத்துல போனார். அப்புறம் கீப்பர் சச்சின் சுரேஷ் தோள்பட்டை. முதல் இடத்துல இருந்து அஞ்சாவது இடம் வரைக்கும் வந்து விழுந்தோம். அஞ்சாவதா முடிச்சதால நாக்அவுட் ஆட்டம் எதிரி ஊர்ல. முதல் ரெண்டு இடம் பிடிச்சவங்க நேரா அரையிறுதி. 2023-லயும் இதே அஞ்சாவது இடம்தான், அதனாலதான் கண்டீரவா போனோம். கலூர்ல ஒரு நாக்அவுட் ஆட்டம் பார்த்து எத்தனை வருஷம் ஆச்சுன்னு யோசிங்க.

முந்தாநாள் லூனா கடைசியில இறங்கினார். நாலு மாசம் கழிச்சு. பெஞ்சுல நமக்குன்னு ஒருத்தர் இருந்தார்னா அவர்தான், அவரும் முழுசா குணமாகாத காலோட.

மெரினா_அலை | 21 ஏப்ரல் 2024, காலை 8.45

பெஞ்ச் பத்தின வாதத்துக்கு நான் தலை வணங்கறேன். நேத்து நான் எழுதினதைத் திருத்திக்கறேன்: 2014-ல் எங்களை முடிச்ச அந்த பியர்சன் கோல், பத்துப் பேரா ஆடின டீமோட மன உறுதி. அது இந்தக் கிளப்புக்கு எப்பவும் இருந்திருக்கு. ஆள்தான் பத்தலை.

எங்களுக்கும் 2020-ல் காலி ஸ்டேடியத்துல ஃபைனல் தோத்த அனுபவம் இருக்கு, கொரோனா ஆரம்பிச்ச வாரம். 3-1. கத்தறதுக்குக்கூட ஆள் இல்லாம தோத்தோம். உங்களுக்கு ஒவ்வொரு தடவையும் ஆயிரக்கணக்குல ஆள் இருந்தாங்க.

தூத்தூர்_கடல் | 21 ஏப்ரல் 2024, மாலை 6.10

பாலக்காட்டுத் தம்பி சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன். இரண்டாம் அணி, பதினைந்து வயது, பதினெட்டு வயது அணிகளுக்கு நிறைய ஆட்டம் வேண்டும். பெஞ்சில் உட்காரும் பையன் வருடத்துக்கு நாலைந்து தடவை பத்து நிமிடம் ஆடினால் ஃபைனலில் அவனால் ஒன்றும் செய்ய முடியாது. தவோராவும் ரஃபீக்கும் அப்படி உள்ளே வந்து அடித்தார்கள் என்றால், வாரா வாரம் எங்கேயோ முழு ஆட்டம் ஆடிய கால் அது.

எங்கள் ஊர்ப் போட்டிகளில் ஞாயிறு முழுக்க நாலு ஆட்டம் நடக்கும். நாலாவது ஆட்டத்துக்கு நான் இறக்குபவன் என் நல்ல ஆட்டக்காரன் இல்லை, அந்த வாரம் அதிகம் ஆடியவன்.

மூணாறு_பனி | 26 ஏப்ரல் 2024, மாலை 5.32

அறிவிப்பு பாத்தீங்களா. இவான் ஆசான் போறாரு. பரஸ்பர சம்மதமாம்.

பெங்களூர்_தமிழ் | 26 ஏப்ரல் 2024, மாலை 5.50

பார்த்தேன். தம்பி, அன்னைக்கு நான் அவரைப் பத்தி எழுதினதை மாத்திக்கலை. ஆனா போறது நல்லா இல்லை. உங்க டீமை மதிக்க வெச்சவர் அவர். இன்னைக்கு எங்க பக்கம் இருக்கறவங்களும் அதைத்தான் சொல்றாங்க.

பாலக்காடு_சந்திப்பு | 26 ஏப்ரல் 2024, மாலை 6.15

மறுபடியும் புது கோச், புது ஆளுங்க, புது திட்டம். மூணு வருஷம் கட்டினதை யார் தொடருவாங்க? எனக்குப் பயமா இருக்கு. பையன்கள்ல விபின், அய்மன், அசார், சச்சின் சுரேஷ் இவங்களையாவது விடாம வெச்சிருக்கணும். அதுதான் இப்ப என் ஒரே கோரிக்கை.

தூத்தூர்_கடல் | 26 ஏப்ரல் 2024, இரவு 7.30

யார் வந்தாலும் கார்னர் பயிற்சியைக் கடைசியில் வைக்கச் சொல்லுங்கள்.

மூணாறு_பனி | 26 ஏப்ரல் 2024, இரவு 9.05

கோவை அண்ணே, ரெண்டு நாளா யோசிச்சு எழுதறேன். நான் இதுவரைக்கும் கலூர்ல ஒரு ஆட்டம்கூட பாத்ததில்ல. எல்லாமே திரையிலதான். அடுத்த சீசன் முதல் ஹோம் மேட்சுக்கு வரலாம்னு இருக்கேன். காலேஜ் முடிச்சுட்டேன், வேலை கிடைச்சிருக்கு, டிக்கெட் என் காசுலயே எடுப்பேன். மலையில இருந்து இறங்கி ஆலுவா வரைக்கும் பஸ் இருக்கு. அங்கிருந்து எப்படிப் போறதுன்னு மட்டும் சொல்லுங்க.

கோவை_மஞ்சள் | 26 ஏப்ரல் 2024, இரவு 9.20

தம்பி, இப்ப மெட்ரோ இருக்கு. ஆலுவாவுல ஏறினா ஸ்டேடியம் பேர்லயே ஒரு ஸ்டேஷன், இறங்கினா கேட் எதிர்ல. ஆனா தனியா போகாதே. நான் கோவையில இருந்து மதியம் வந்துடுவேன், ஆலுவா மெட்ரோ படிக்கட்டுக்குக் கீழ நிக்கறேன். 2014-ல வாங்கின ஜெர்சிதான் போட்டிருப்பேன், முதுகுல ஹியூம் பேரு, எழுத்து பாதி உரிஞ்சிருக்கும். அடையாளம் தெரியும். ஆட்டம் முடிஞ்சதும் உன்னை மலை பஸ்ஸுல ஏத்திவிட்டுட்டுத்தான் நான் ரயிலுக்குப் போவேன்.